அடி அண்ணாமலையில் எரிய மறுத்த கேஸ்

1. தீக்குச்சி அணைந்தது

பர்னர் அருகே கொண்டுபோன தீக்குச்சி பொசுக்கென்று அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தேன். அதுவும் அணைந்தது. மூன்றாவதை எங்கள் ஆபீசரே வாங்கிக் கிழித்தார். கேஸ் அவரையும் மதிக்கவில்லை. வாசலில் கூடியிருந்த ஊர் சிரித்தது.

"எரியற கேஸ் கேட்டா, நெருப்ப அணைக்கிற கேஸ் குடுத்துட்டாங்கடா!" என்று வேலியோரம் ஒரு குரல்.

மலை உச்சியில் தீபம் ஏற்றுகிற ஊரில் ஒரு அடுப்பை ஏற்ற முடியாமல் நின்றவன் நான். எண்பதுகளின் தொடக்கம். ஒன்றிய அலுவலகத்தில் கிராம சேவக் வேலை. விதை, உரத்தோடு சாண எரிவாயுக் கலன் கட்ட ஆள் பிடிப்பதும் என் தலையில் விழுந்திருந்தது. ஜனங்கள் வைத்த பெயர் சாணி கேஸ்.

2. முனியம்மாளின் நிபந்தனை

இப்போது பருவநிலை மாற்றம், புவி வெப்பமாதல் என்றெல்லாம் டிவியில் பேசுகிறார்கள். எங்களுக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. மலை மொட்டையாகிறது, மழை கம்மியாகிறது, கோடையில் பாறை அனல் கக்குகிறது என்பது மட்டும் தெரியும். மரத்தையெல்லாம் நாமே வெட்டி எரித்துவிட்டு வெயிலைத் திட்டலாமா என்று கூட்டத்தில் பேசுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். கூட்டம் முடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்புவார்கள். வேறு எதில் சோறாக்குவது?

அடி அண்ணாமலையில் முதலில் ஒத்துக்கொண்டவள் பச்சையம்மாள்.

"முன்னல்லாம் அடிவாரத்துலயே சுள்ளி கெடைக்கும் சார். இப்ப மேல மேல ஏற வேண்டியிருக்குது. காலையில போனா திரும்பறதுக்குள்ள உச்சிப் பொழுதாயிடுது. அப்புறம் அடுப்ப ஊதி ஊதி கண்ணு போவுது. உங்க கேஸு எரியுமா, எரியாதா? அத்த மட்டும் சொல்லுங்க."

எரியும் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவள் மாமியார் முனியம்மாள் லேசில் இறங்கி வரவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "மொத விளைச்சல் சாமிக்குத்தான். மொதல்ல வர்ற கேஸுல அண்ணாமலையாருக்குப் பொங்கல். அப்புறந்தான் நமக்கு."

சிக்கல் அங்கேதான். தொட்டியில் சாணியைக் கரைத்து ஊற்றினால், சில நாளில் கேஸ் சேர்ந்து மேலே கவிழ்த்த இரும்பு டிரம் மெல்ல எழும்பும். ஆனால் முதலில் சேர்கிற கேஸ் எரியாது. வால்வைத் திறந்து அதை வெளியே விட்டுவிட வேண்டும். இதுதான் தொழில் விதி.

"மொத கேஸ வெளிய விட்டுடணும்மா" என்றேன்.

"இன்னா தம்பி, சாமிக்குன்னு வெச்சத காத்துல விடச் சொல்றியே, நல்லாயிருப்பியா நீ?" என்று சொல்லி, வால்வுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஆபீசரிடம் ஓடினேன். "நாள் குறிச்சாச்சு, பந்தல் போட்டாச்சு. எரியும்யா, சும்மா பயப்படாதே" என்றார். அதன் பலன்தான் அணைந்த தீக்குச்சிகள்.

3. செவலை மாட்டின் சாட்சி

"பாத்தியா? அண்ணாமலையாரே வாணான்னுட்டாரு" என்று எழுந்தார் முனியம்மாள். "தொட்டிய மண்ணு போட்டு மூடு. நாளைக்குக் காலையில அரிவாள எடுத்துக்கினு மலைக்குப் போ."

பச்சையம்மாள் முகம் சுண்டிப்போனது. ஆபீசர் ஜீப் நிற்கும் திசையைப் பார்த்தார். முதல் கேஸில் கார்பன் டை ஆக்சைடுதான் அதிகம், சோடாவில் இருக்குமே அது, என்று நான் ஏதோ விளக்கினேன். "அப்ப சோடாவாவது குடு சார்" என்றார்கள்.

பச்சையம்மாள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, நம்ம செவல கன்னு போட்டுச்சே, அன்னிக்குக் கறந்த பால சாமிக்கு ஊத்துனீங்களா?"

"சீம்பால யாராவது சாமிக்கு ஊத்துவாங்களாடி? தீட்டு கழிய வாணாமா?"

"இதுவும் அதே மாட்டோடதுதானே அத்தை? தொட்டி இப்பத்தான் ஈன்னுருக்குது. இது சீம்பால் கேஸு. கழிஞ்சு போவட்டும்."

முனியம்மாள் மருமகளைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று போய்த் தன் கையாலேயே வால்வைத் திறந்தார். "எல்லாரும் எட்டிப் போங்க, தீட்டு கேஸு வருது!" என்று ஒரு அதட்டல். ஆபீசர் உட்பட அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினோம்.

4. கண்ணுக்குத் தெரியாத நெருப்பு

டிரம் மறுபடி எழும்பிய பிறகு, ஒரு நாள் வாசலிலேயே பற்றவைத்தோம். இம்முறை பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த நீலச் சுடர் வெயிலில் தெரியாது. "எங்கடி நெருப்பு? திரும்பவும் ஏமாத்திட்டான்" என்று முனியம்மாள் கையை நீட்டினார். "ஐயோ!" என்று அலறி இழுத்துக்கொண்டார். அதைவிட நல்ல அத்தாட்சி ஊருக்குத் தேவைப்படவில்லை. முறத்தை நிழலுக்குப் பிடித்து ஒவ்வொருவராகச் சுடரைப் பார்த்தார்கள். சாமிக்குப் பொங்கல் பொங்கியது.

அதன் பிறகு எந்த ஊரிலும் நான் கார்பன் டை ஆக்சைடு என்று வாய் திறக்கவில்லை. சீம்பால் கேஸ் என்பேன். சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

சில வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். மலை தப்பிக்கும், மழை வரும், சாணிக் கரைசல் வயலுக்கு எரு என்று நான் கூட்டங்களில் அடுக்கிய பலன்களில் எதையாவது பச்சையம்மாள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கன்னத்தில் பாய்த் தடத்தோடு வெளியே வந்தாள்.

"கேஸால இன்னாம்மா பலன்?"

"மத்தியானத்துல தூங்கறேன் சார்" என்றாள். "கல்யாணமாகி இந்த வூட்டுக்கு வந்ததுலேருந்து இப்பத்தான்."

மலையைக் காப்பாற்றச் சொல்லி ஊர் ஊராகப் போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முதலில் அவள் தலையிலிருக்கும் விறகுச் சுமையை இறக்கிவையுங்கள். மலை தானாகத் தப்பித்துக்கொள்ளும்.