இதரச் செலவு

"மொத்தமாச் சொல்லாதீங்க தம்பி, பிரிச்சுச் சொல்லுங்க" என்கிறார் ரம்ஜான் பீவி, கையிலிருக்கும் சூரை மீனைத் திருப்பிப் பார்த்தபடி. மீன்காரர் செபஸ்தியானுக்கு இது பழகிவிட்டது. வலைக்கு இவ்வளவு, ஐசுக்கு இவ்வளவு, ஜங்லிகாட் மீன்துறையிலிருந்து பஜாருக்குத் தூக்கி வந்ததற்கு இவ்வளவு, என் வயித்துக்கு இவ்வளவு என்று ஒப்பிக்கிறார். பீவி கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். "ஐசு ரெண்டு கட்டியில்ல போட்டிருக்கீக, ஒண்ணத்தானே சொன்னீக" என்று கேட்ட விலைக்கு மேலே நாலணா வைத்துவிட்டு மீனோடு நடக்கிறார்.

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டுக்கு ஏறும் மேட்டில் அவருடைய துணிக்கடை. லுங்கி, ரவிக்கைத் துணி, பாவாடை நாடா, பொத்தான். தொண்டிப் பக்கத்திலிருந்து புதுப்பெண்ணாகக் கப்பலேறி வந்தவர். வங்காளிப் பெண்களிடம் விலையை இந்தியில் சொல்வார். அவர்கள் குறைத்துக் கேட்டால் தமிழில் அலுத்துக்கொள்வார். இன்னொருவர் கடையில் மட்டும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "உக்காந்தா வெலை ஏறும். டீ குடிச்சா எறங்கவே எறங்காது" என்பது அவர் கண்ட உண்மை. அவருடைய சொந்தக் கடையிலோ வாடிக்கையாளருக்கு நீளமான பெஞ்சு ஒன்று உண்டு. யார் வந்து அமர்ந்தாலும் எதிர்க் கடையிலிருந்து டீ வந்துவிடும்.

கணவர் அய்யூப் இதற்கு நேர் எதிர். மனைவி பேரம் பேசத் தொடங்கினால் வெளியே போய், கப்பல் ஏதும் தெரிகிறதா என்று கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்துல் ஜப்பாரின் டாக்சியை அவர்தான் ஓட்டினார். ஊரார் அதை அய்யூப் வண்டி என்பார்கள். "ஜப்பார் பாய் வண்டி" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

எழுபத்திரண்டாம் வருடம் ஜப்பார் பாய் டாக்சித் தொழிலை விட்டுவிட்டு நாகூரில் இருந்த பிள்ளைகளிடம் போய்ச் சேர முடிவு செய்தார். பழைய வண்டியின் அடித்தகட்டை உப்புக்காற்று தின்று முடித்திருந்தது. பெர்மிட்டை அய்யூப் பெயருக்கு மாற்றிக்கொடுக்க அந்தமான் நிர்வாகம் சம்மதித்தது, ஒரு நிபந்தனையோடு. மழைக்காலம் தொடங்குவதற்குள் புது வண்டி ரோட்டில் ஓட வேண்டும். இல்லையென்றால் பெர்மிட் அடுத்தவருக்குப் போய்விடும். துணி விற்றதிலும் வண்டி ஓட்டியதிலும் சேர்ந்த பணம் அவர்களிடம் இருந்தது. இனி வண்டி வாங்க வேண்டியதுதான்.

போர்ட் பிளேரில் புதுக் காருக்கு அப்போது ஒரே வாசல், சிவஞானம். சைக்கிளும் பம்புசெட்டும் விற்பவர், டயர் வைத்திருப்பவர், அம்பாசடருக்கு ஆர்டர் எடுப்பவர். தூத்துக்குடிக்காரர், கோபம் வந்தாலும் குரலில் தெரியாது.

"வாங்க பீவிம்மா, இருங்க. அய்யூப் பாய், நீங்களும் வாங்க."

பீவி நின்றுகொண்டே இருந்தார். சிவஞானம் ஒரு தாளில் ஒரு தொகையை எழுதி நகர்த்தினார்.

"பிரிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."

"வண்டி வெலை, வரி, கப்பல் கூலி, இன்சூரன்ஸு, ஜெட்டியில எறக்குற கூலி. பெறவு இதரச் செலவு."

ஒவ்வொன்றுக்கும் தொகையைக் கேட்டுத் தலையசைத்து வந்த பீவி, கடைசி ஒன்றில் நின்றார். அந்த இதரத்தில் நல்லதாக ஒரு மீன்பிடி வள்ளம் வாங்கலாம்.

"இதரம்னா என்ன?"

"இதரந்தான்."

"அதுக்கு ஒரு பேரு இருக்கும்ல?"

சிவஞானம் சிரித்தார். "மெயின்லேண்டுல வண்டிக்கு வருசக்கணக்கா க்யூவுல நிக்கணும் பீவிம்மா. நான் மழைக்கு முந்தி கொண்டாந்து நிறுத்துதேன். அந்தக் கஷ்டத்துக்குத்தான்."

"யாரு கஷ்டம்?"

"இது ஏக்தாம்மா. ஒரே வெலை."

வாசற்படியில் நின்ற அய்யூப், "சரின்னு சொல்லு ரம்ஜான்" என்றார் மெல்ல. பீவி தாளைத் திருப்பி நகர்த்தினார். "பேரு இல்லாததுக்கு எப்படிங்க காசு குடுக்குறது?"

மறுநாள் தபால் ஆபீசிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு தந்தி போயிற்று, சென்னைக்கு ஒரு தந்தி போயிற்று. இரண்டிலும் ஒரே கேள்வி: போர்ட் பிளேர் ஜெட்டியில் இறங்கி, சாவி கையில் வரும்போது வண்டியின் விலை என்ன? கல்கத்தாவிலிருந்து வந்த பதிலில் விலை குறைவாக இருந்தது, காத்திருக்க வேண்டிய காலம் நீளமாக இருந்தது. மழைக்காலம் ஒன்றல்ல, இரண்டு கடந்துவிடும். சென்னைக்காரர்கள் 'நேரில் வரவும்' என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

சின்ன ஊரில் தந்திகள் பெறுபவருக்கு முன்பே பஜாருக்கு வந்துவிடும். பதில்கள் வந்த அன்று மாலையே சிவஞானம் துணிக்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வந்தது. குடித்து முடித்து, இதரத்தில் பாதியைக் குறைத்தார். எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார்.

"மெட்ராஸ்ல எடுக்கதுன்னா எடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா நாளைக்கு ஒரு பிரேக் ஆயில்னாலும் இந்த ஊர்ல என் கடைக்குத்தானே வரணும்."

துணி மடித்துக்கொண்டிருந்த அய்யூப்பின் கை நின்றது.

வீட்டில் மறுநாள் மத்தியானம் அவர் பாதிச் சோற்றில் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பாதி கொறச்சுட்டாருல்ல. இன்னும் என்ன?"

"மீதிப் பாதிக்கும் பேரு இல்லையே."

"எனக்கு வண்டி வேணும் ரம்ஜான். நியாயம் வேணாம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பீவிக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருடத்தில் தனக்கென்று இது வேணும் என்று அந்த மனிதர் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. சரி என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். பீவிக்கு அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, குழம்புச் சட்டியை மூடினார்.

"நம்ம வண்டியில ஏறப்போறது யாருங்க? மாயாபந்தர்லேர்ந்து போட்டுல வந்து ஆஸ்பத்திரிக்குப் போறவுக. கராச்சர்மாவுக்கு அரிசி மூட்டையோட போறவுக. இப்ப நாம குடுக்குற இதரத்த நீங்க அவுகக்கிட்டத்தானே வாங்கணும். உங்களுக்கு மீன்காரர்கிட்டயே வாய் தொறக்க வராது. அவுகக்கிட்ட என்னன்னு சொல்லிக் கேப்பீக?"

அய்யூப் கை கழுவிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த கப்பலில் பீவி சென்னைக்குக் கிளம்பினார். கடைச் சரக்கு எடுக்க வருடத்துக்கு ஒருமுறை போகிற வழிதான். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அய்யூப் ஜெட்டி வரை நாலடி முன்னாலேயே நடந்தார். கப்பல் நகர்ந்த பிறகு கையை வாயருகே குவித்து, "பச்சத் தண்ணி குடிக்காதே, காலராவாம்" என்று கத்தினார்.

மவுண்ட் ரோட்டில் கண்ணாடிச் சுவர் வைத்த கார்க் கடை. டை கட்டிய விற்பனைக்காரர் திருநாவுக்கரசு நாற்காலியைக் காட்டினார். பீவி கைப்பையை அதில் வைத்துவிட்டு அருகில் நின்றார்.

"அந்தமானா? அங்கெல்லாம் கார் ஓட ரோடு இருக்குதாம்மா?"

"ரோடு இருக்கு தம்பி. காருதான் இல்ல."

இங்கே இதரம் இல்லை. அதற்குப் பதிலாக ரேடியோ, சீட்டு உறை, கால்மிதி, மெருகு என்று வண்டியோடு கட்டாயமாக வாங்க வேண்டியவை இருந்தன. எல்லாவற்றுக்கும் கடைத்தெரு விலையைப் போல இரண்டு பங்கு. அதை வாங்கிக்கொண்டால் வரிசையில் முன்னால் இடம் கிடைக்கும் என்றார் திருநாவுக்கரசு.

"சீட்டு உறை நானே தைச்சுக்குவேன். ரேடியோ எதுக்கு? டிரைவரே பாடுவாரு."

"அப்படின்னா ரெண்டு வருஷம் ஆகும்மா."

பீவி போய்விட்டு மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நாற்காலியில் பை, பக்கத்தில் அவர். கடைக்கு வந்த ஒரு பெரியவர், எதற்காக இப்படி நிற்கிறீர்கள் என்று விசாரித்தார். "வெலையப் பிரிச்சுச் சொல்லச் சொன்னேங்க. பிரிச்சுக்கிட்டிருக்காக" என்றார் பீவி, குறை சொல்லும் குரலே இல்லாமல். பெரியவர் தன் கையிலிருந்த பில்லை விரித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் திருநாவுக்கரசிடம் போய், மெருகுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டார். அடுத்து வந்தவரும் கேட்டார். அன்று சாயங்காலம் உள் அறையிலிருந்து மேனேஜர் திருநாவுக்கரசைக் கூப்பிட்டார்.

திரும்பி வந்தவர் கையில் ஒரு சாவி இருந்தது. பின்பக்கத்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஒரு மில் முதலாளி கறுப்பு வண்டி கேட்டிருந்தார். செங்கல் நிறத்தில் வந்துவிட்டது. வேண்டாம் என்று போய்விட்டார். அது தூசி படிந்து கிடந்தது.

"இதுக்கு ரேடியோ கிடையாது, ஒண்ணும் கிடையாது. பில் விலை. நிறம்தான் கொஞ்சம்…"

பீவி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மழ பேஞ்சா உள்ள ஒழுகுமா?"

"ஒழுகாதும்மா."

"அப்ப நெறத்துக்கு என்ன?"

உடனே பணத்தைக் கட்டிவிடவில்லை. கப்பல் கூலி, காப்பீடு, இறக்குகூலி, தன்னுடைய போக்குவரத்து எல்லாம் கூட்டிச் சிவஞானத்துக்கு ஒரு தந்தி கொடுத்தார். ஜெட்டியில் இறங்கிய விலை இது, இதே விலைக்கு நீங்கள் தந்தால் உங்களிடமே எடுத்துக்கொள்கிறேன் என்று. திருநாவுக்கரசுக்கு அது விளங்கவில்லை.

"இவ்வளவு நாள் நின்னுட்டு, மறுபடி அவர்கிட்டயேவாம்மா?"

"அவரு ஊர்க்காரரு தம்பி. கேக்காம விட்டா நாளைக்கு மொகத்துல முழிக்க முடியாது."

பதில் வரவில்லை. கப்பலில் இடம் பதிய இருந்த கடைசி நாள்வரை பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டினார்.

வண்டியை மேல்தளத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். முதல் நாள் அமைதியாக இருந்த கடல், இரண்டாம் நாள் புரண்டது. கீழ்த்தளத்துப் படுக்கையில் மற்ற பெண்கள் வாந்தியெடுத்துக் கிடக்க, பீவி படியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினார். அலை எழும்பி வண்டியின் மேல் கொட்டி வடிந்தது. சக்கரத்தருகே ஒரு கயிறு தளர்ந்து, வண்டி கப்பலோடு சேர்ந்து ஆடியது. இத்தனை நாளும் யாரிடமும் தோற்காத பீவிக்கு அப்போதுதான் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. அந்த மனுசர் வண்டிதானே வேணும் என்றார், சிவஞானத்துக்குச் சரி என்று சொல்லியிருந்தால் இந்நேரம் வாசலில் நிற்குமே என்று நினைத்துக்கொண்டார். பிறகு கிராதியைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு மாலுமியின் சட்டையைப் பிடித்தார். "பாய், ரஸ்ஸி டைட் கரோ." அவன் கயிற்றைப் பிறகு இறுக்குகிறேன் என்றான். கட்டி முடிக்கும்வரை பீவி சட்டையை விடவில்லை.

போர்ட் பிளேரின் சாத்தம் ஜெட்டியில் கப்பல் அணைந்தபோது வானம் மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. கிரேனின் வலைக்கட்டில் தொங்கிய வண்டி தண்ணீருக்கு மேலே ஒருமுறை ஊசலாடியது. அதைப் பார்க்க முடியாமல் அய்யூப் திரும்பி நின்றுகொண்டார். நாலு சக்கரமும் பலகையில் பதிந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார்.

தன் பம்புசெட்டுகளை இறக்க வந்திருந்த சிவஞானம் குடையை ஊன்றியபடி பக்கத்தில் வந்தார். வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஒங்க தந்தி வந்துச்சு பீவிம்மா. பதில் போட்டிருக்கலாம். ஒரு கோவம்."

"இருக்கட்டும் அண்ணாச்சி. பிரேக் ஆயிலு குடுப்பீகளா?"

"கடைன்னு தெறந்து வச்சா குடுக்கத்தானே வேணும்."

"என்ன வெலைக்கு?"

சிவஞானம் கொஞ்சம் யோசித்தார். "டப்பாவுல போட்டிருக்க வெலைக்கு."

பீவி தலையசைத்தார். சிவஞானம் குடையை விரித்துக்கொண்டு தன் பெட்டிகளைப் பார்க்கப் போனார்.

அய்யூப் மனைவியிடம் செலவையெல்லாம் கேட்டு மனதுக்குள் கூட்டினார். "அவரு கொறச்ச வெலையப் பாத்தா இதுல ரெண்டு டயரு காசுதான் மிச்சம் ரம்ஜான்" என்றார். அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. சாவியை வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு டயருன்னா பாதி வண்டில்ல" என்றார் பீவி.

கடல் தண்ணீர் காய்ந்து, முன்கண்ணாடி முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பீவி ஜெட்டிக் குழாயில் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்தார். எக்கி நின்று, ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் மூலை முடுக்கு விடாமல் துடைத்தார். பிறகு முந்தானையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, தன் பக்கத்து உப்பை அப்படியே விட்டுவிட்டு, வண்டியில் ஏறினார்.