தூதன் மருதையின் முழங்கால்

இலங்கை மலையகத்தில், கினிகத்தேனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் பதினாறு வருடமாகத் தாவிக் குதிக்கும் தூதன் வேடம் கட்டியவர் மருதை. 1956ஆம் வருடம் முழங்கால் வீங்கி, லயத்து வீட்டுப் படி இறங்கவே முனகினார்.

“ஞாயித்துக்கெழம மைதானத்த ஒரு சுத்து ஓடிக்காட்டுங்க மாமா. முடியலேன்னா வேசம் எளவட்டம் அழகனுக்குத்தான்,” என்றார் கூத்து வாத்தியார்.

மனைவி அம்மாக்கண்ணு முடக்கத்தான் கீரையில் ரசம் வைத்தாள். “மூட்டுக்கு ஒரு கரண்டி போதுங்க. வயித்தையும் இளக்கிப்புடும்.”

வேடம் போய்விடுமே என்ற பயத்தில் மருதை சட்டியையே காலிசெய்துவிட்டு ஓடப்போனார். பாதிச் சுற்றில் வயிறு கடமுடவென்றது. மைதானத்தை விட்டு, அகலமான வடிகால் கானை ஒரே தாவலில் தாண்டித் தேயிலைக்குள் மறைந்தார்.

வாத்தியார் வாய்பிளந்தார். “அடேயப்பா, என்னா தாவு! நீங்கதான் மாமா தூதன்!”

“சந்தோசம் மாப்புள,” என்றது தேயிலைக்குள்ளிருந்து குரல். “இப்ப யாரும் இந்தப் பக்கம் வந்துறாதீங்க!”