தவமணி கேட்ட மழை

பெரகல சந்தியில் தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தபோது தவமணியின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். என் காலடியில் ஒரு பெரிய பேட்டரி இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தவமணியின் கருவிக்கு அன்று அதை மாற்றியாக வேண்டும். சாவு வீட்டுக்குப் போவதா, தோட்டத்துக்குப் போவதா என்று தயங்கினேன். பேட்டரியை மாற்றாமல் போய் நின்றால் தவமணி எழுந்து உட்கார்ந்து திட்டுவார் என்று தோன்றியது. அதனால் முதலில் தோட்டத்துக்குத்தான் போனேன்.

தவமணியை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. வெளிநாட்டில் துகள்களை மோதவிட்டு ஆராயும் பெரிய குழுவொன்றில் இருந்துவிட்டு, பதுளைக்கே திரும்பி வந்து எங்கள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்தவர் அவர். நான் மண்ணியல் துறை. மலைச்சரிவில் குழி தோண்டி, மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்க்கிறவன். கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிப் பேசுகிறவர்கள் மீது எனக்கு எப்போதுமே ஓர் இளக்காரம் உண்டு.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது தவமணி என் எதிரில் வந்து உட்கார்ந்து, சரிவில் இருக்கும் ஒரு லயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் அந்தக் கட்டடத்துக்கு மேலே இருக்கும் மலை சரிந்து இறங்குமா, இறங்காதா என்று யாருக்கும் தெரியாது. அங்கிருப்பவர்களை வேறு இடத்தில் குடியேற்றுங்கள் என்று கேட்டால் அதிகாரிகள் ஆதாரம் கேட்டார்கள். வானத்தின் உயரத்தில் பிறந்து ஓயாமல் பூமிக்கு வந்துகொண்டிருக்கும் மியூவான் என்ற துகள் மலையையும் துளைத்துக்கொண்டு வரும், மலையின் மறுபக்கம் எத்தனை வந்து சேர்கின்றன என்று பார்த்தால் உள்ளே எங்கே கல், எங்கே நீர் ஊறிய மண் என்று எக்ஸ்ரே எடுத்ததுபோலச் சொல்லிவிடலாம் என்றார்.

"ஏன், மண்வெட்டி அவ்வளவு விலையா?" என்று கேட்டேன்.

"நீங்க தோண்டுற குழி ஒரு ஆள் ஆழம் சார். மலை அதுக்கும் உள்ள இருக்கு" என்றார். பிறகு என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டு, "மழைக்கு முன்னால ஒரு படம், மழையில ஒரு படம். ரெண்டையும் பக்கத்துல வச்சாத் தண்ணி எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிரும். வர்றீங்களா?" என்றார். போனேன். அன்று போகாமல் இருந்திருந்தால் என் வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் குறைந்திருக்கும்.

தோட்டத்தில் பாவனையில் இல்லாத பழைய பிள்ளைக்காம்பராவைக் கொடுத்தார்கள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே வருடக்கணக்காகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட செல்லம்மா அக்காவிடம்தான் சாவி இருந்தது. கறுப்புப் பெட்டியைச் சுவரோரம் வைத்து, தவமணி அவருக்கு விளக்கம் சொன்னார்: "இதுக்குள்ள ஒரு கண்ணு இருக்குக்கா. அது மலைக்குள்ள பாத்துக்கிட்டே இருக்கும்." செல்லம்மா அக்கா கும்பிட்டுவிட்டு, நாள்தோறும் அறையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்.

போன வருடம் மழைக்கு முந்திய படம் முடியும் தறுவாயில் ஆயுத பூசை வந்தது. காலையில் கருவியிலிருந்து வரவேண்டிய எண்கள் வரவில்லை. பதறிக்கொண்டு போனோம். வாழையிலை விரித்து, பொரியும் கடலையும் பரப்பி, பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மேல்மூடியைக் கழற்றிச் சூடம் காட்டியிருந்தார் செல்லம்மா அக்கா. அந்தக் கண் இருட்டில் மட்டுமே வேலை செய்யும். மின்சாரம் ஓடும்போது வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். கெட்டுப்போயிருந்தது. புதியது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும்.

"கண்ணு இருக்குன்னு மிஸ்தானே சொன்னீங்க. மூடி வச்சுக்கிட்டு எப்புடிங்க விளக்குக் காட்டுறது?" என்றார் செல்லம்மா அக்கா, எங்கள் முகத்தைப் பார்த்து. தவமணி மூடியை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு, "பொரி குடுங்கக்கா, பசிக்குது" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். தவமணி கேட்டுக்கொண்டே வந்தார். "தப்பு என்னோடது சார். கண்ணுன்னு சொன்னவ நான். வெளிச்சம் ஆகாதுன்னு சொல்லல. அடுத்த வருஷமும் அவங்கதான் விளக்குக் காட்டணும். இல்லாட்டி அந்த அம்மா ஆயுசுக்கும் இதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பாங்க."

"ஒரு மழை போச்சே" என்றேன்.

"மழை அடுத்த வருஷமும் வரும் சார்" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபத்தை அடக்குகிறார் என்று நினைத்தேன்.

பேட்டரியை மாற்றிவிட்டு ஹாலிஎலயில் சாவு வீட்டுக்குப் போனபோது தம்பி என்னை ஒதுக்கமாக அழைத்துப்போய்ச் சொன்னார். அந்தப் பூசைக்கு முந்திய வாரம்தான் கொழும்பில் வைத்தியர்கள் நோயின் பெயரைச் சொல்லி, இனிமேல் அதிக காலம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். "அப்பவே அக்காவுக்குத் தெரியும் சார். வேலைய விடச் சொல்லிருவீங்கன்னுதான் உங்ககிட்டச் சொல்லல." மழை வரும் என்றுதான் தவமணி சொன்னார். தான் இருப்பேன் என்று சொல்லவில்லை. தன் கடைசி மழையை இழந்த கையோடு, இழக்க வைத்தவரிடம் பொரி வாங்கித் தின்றிருக்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

புதிய கண் வந்ததும், தவமணி உடம்புக்கு முடியாத நிலையிலும் வந்து அதைப் பொருத்தி, மழைக்கு முந்திய படத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்து முடித்தார். ஒருநாள் மேட்டில் ஏற முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்தபோது, "மலை எப்ப வருமோன்னு தூங்காமக் கெடந்த லயத்துல பொறந்தவ சார் நான். இத முடிச்சிரணும்" என்றார். மழைப் படம் மட்டும் பாக்கி. எண்களைக் கணக்கிட்டுப் படமாக்கித் தருவதாக அவருடைய பழைய வெளிநாட்டுக் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி நிற்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

இந்த வருட ஆயுத பூசை அவர் போன சில நாட்களிலேயே வந்தது. நான் போனபோது செல்லம்மா அக்கா விளக்கை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். சாவு வீட்டில் அவரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "நான் உள்ள வரலைங்க சார். நான் செஞ்சது போதும்" என்றார்.

மின்சாரத்தை நிறுத்தினேன். மூடியின் திருகாணிகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்தேன். "நீங்கதான் காட்டணும்னு மிஸ் சொல்லிட்டுப் போயிருக்காங்க. போன வருஷமே சொன்னாங்க" என்றேன். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, மூடியின் மேல் சந்தனம் வைத்து, விளக்கேற்றி எட்ட நின்று காட்டினார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு விளக்கை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "இப்பப் போடுங்க சார்" என்றார். போட்டேன். எண்கள் வரத் தொடங்கின.

தவமணியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பஸ் பயணத்தில் அவர் சொன்ன அந்தச் சில வார்த்தைகளைத்தான். யாரையும் குற்றத்தோடு விட்டுப்போகாத அந்த மனது எனக்கு வாய்க்குமா என்று தெரியவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன்.

நாங்கள் கதவைப் பூட்டும்போது தகரக் கூரையில் சடசடவென்று விழ ஆரம்பித்தது. செல்லம்மா அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ் கேட்ட மழை இதுதானுங்களா சார்?" என்றார்.