தீவுக் கோயிலில் முறிந்த மீன் நேர்த்தி

2009ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்புக்கு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. என் தம்பி சசி வன்னியில் அகப்பட்டிருந்தான். மேசன் வேலைக்குப் போனவன், பாதை பூட்டியதும் அங்கேயே நின்றுவிட்டான். தைப்பொங்கலுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வைகாசியில் யுத்தம் முடிந்தது என்றார்கள். முகாம் முகாமாக விசாரித்தோம். எங்கும் அவன் இல்லை.

அன்பான அடியார்களே, சுனாமி வந்த அன்று என் தலைமுடியைப் பிடித்து இழுத்து மதிலில் ஏற்றியவன் அவன். அந்த இடத்தில் முடி இன்றைக்கும் அடர்த்தியில்லாமல் ஐதுதான். எனக்கு உயிர் தந்தவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் இருப்பது எவ்வளவு கொடுமை. நான் உடைந்துபோனேன்.

அந்த வைகாசியில் எங்கள் ஊர்க் கோயில் சடங்கில் கண்ணகை அம்மன் முன்னால் விழுந்து அழுதேன். "தாயே, என்ட தம்பி வீடு வந்து சேருமட்டும் மீன் எண்ட சாமான் என்ட வாயில படாது" என்று நேர்த்தி வைத்தேன். மீனில்லாமல் சோறு இறங்காத ஆரையம்பதியில் பிறந்தவள் நான். அதிலும் கருவாடு போடுகிறவள். என்னால் அதைவிடப் பெரிதாக எதை விட முடியும்?

அந்த வருடக் கடைசியில், சுனாமியில் தொழில் இழந்த பெண்களுக்கென்று ஜப்பானில் ஒரு பயிற்சி கிடைத்தது. என்ன பயிற்சி? மீன் பதனிடுதல். அம்மன் என்னைச் சோதிப்பதென்றே முடிவெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். என்னோடு வந்தவள் ஓட்டமாவடிப் பரீதா. அவளும் கருவாட்டுக்காரி. நாள் முழுக்க மீனை வெட்டி, உப்பிட்டு, புகை போட்டுவிட்டு, நான் வெறும் சோற்றையும் முட்டையையும் தின்பேன். ருசி பார்க்கச் சொல்லும் ஆசிரியையிடம் கையெடுத்துக் கும்பிடுவேன். அவரும் திருப்பிக் குனிந்து கும்பிடுவார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஒரு விடுமுறை நாளில் எங்களை மியாஜிமா என்ற தீவுக்குக் கூட்டிப் போனார்கள். மார்கழிக் குளிர் எலும்புக்குள் போனது. கடலுக்குள்ளே சிவப்பாக ஒரு பெரிய வாசல் நிற்கிறது. கரையெல்லாம் மான்கள். ஒன்று பரீதாவின் முக்காட்டைக் கடித்து இழுத்தது. கோயிலில் இருப்பது கடலைக் காக்கும் மூன்று பெண் தெய்வங்களாம். நானும் எல்லாரையும் போலக் கைதட்டிக் கும்பிட்டேன். "ஊர் எதெண்டாலும் கேக்கிறது நீதானே, தாயே. அவனக் கொண்டந்து சேரு" என்று தமிழிலேயே கேட்டேன்.

வெளியே வந்தால் தெருவெல்லாம் சாப்பாட்டு வாசம். நெருப்பில் வாட்டிய மட்டி, விலாங்கு போட்ட சோறு, இலை வடிவில் அவரைக் களி வைத்த இனிப்பு. மட்டிக் கடையைக் கடக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஒரு சிறு கடையில் நூடில்ஸ் சூப் கண்டோம். பரீதா குசினிக்குள் எட்டிப் பார்த்து, இவ்வளவு நாளில் பொறுக்கிய ஜப்பான் பாஷையில் விசாரித்துவிட்டு வந்தாள்.

"பயப்படாம குடிங்ககா. ஒண்டும் இல்லயாம்."

குடித்தேன். சூடு நெஞ்சுக்குள் இறங்கியது. என்ன ருசி! வீட்டுச் சம்பல் ஞாபகம் வந்து கண் கலங்கியது. இன்னொரு கோப்பையும் வாங்கிக் குடித்தேன். எழும்பும்போதுதான் குசினிக்காரர் மரக்கட்டைபோல ஒன்றைச் சீவிச் சீவிப் பானைக்குள் போடுவதைக் கண்டேன். எனக்குத் தெரியாத சாமானா அது?

"பரீதா, அது மாசிக் கருவாடெல்லோ?"

அவள் வாயைப் பொத்தினாள். "அல்லாவே, நான் பண்டி, இறைச்சி போட்டிருக்கா எண்டுதான் கேட்டன். மீனக் கேக்க மறந்திட்டன்கா."

அவளுக்கு மீன் ஆகும். கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? எங்கள் சம்பலில் இடித்துப் போடுவதும் அதே மாசிதான், கருவாட்டுக்காரிக்கே கருவாட்டு ருசி தெரியவில்லையே. என் நாக்கு என் தம்பியைக் கொன்றுவிட்டது என்று நினைத்தேன். உடனே அம்மன் கோயிலில் குற்றம் தீர்க்க வேண்டும், அதற்கு அம்மாவிடம் சொல்ல வேண்டும். படகுத்துறையில் இருந்த பொதுத் தொலைபேசியில் ஊரில் எங்கள் அடுத்த வீட்டுக்கு எடுத்தேன், அவர்கள் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். நான் வாய் திறக்க முன்னமே அம்மா கத்தினார்.

"மனே, உன்ட நம்பர் இல்லாம நாங்க படுற பாடு. தம்பி வந்திட்டான். நேத்துப் பொழுதுபட வந்தான். கால்ல காயம், இவ்வளவு நாளும் ஆசுபத்திரில கிடந்தானாம், மற்றப்படி ஆள் சுகம். மறுகா கதைக்கிறானாம், இப்ப தின்னுறான்."

"என்னத்தத் தின்னுறான்?" என்றுதான் கேட்க வந்தது எனக்கு.

"மீன் குழம்புதான், வேறென்ன."

படகுத்துறையிலேயே குந்தி அழுதேன். பரீதாவும் அழுதாள். பிறகு அவள்தான் முதலில் விளங்கிக்கொண்டாள். "நேத்து வந்திட்டார் எண்டா உங்கட நேர்த்தி நேத்தே முடிஞ்சிற்றுகா. நீங்க இண்டைக்குத்தானே குடிச்ச."

நேரே மட்டிக் கடைக்குப் போனோம். எவ்வளவு தின்றோம் என்று கேட்காதீர்கள்.

சசி இப்போது கல்யாணம் கட்டி எங்கள் பக்கத்து வளவில் இருக்கிறான். நான் முன்புபோல எதற்கும் பதறுவதில்லை. கஷ்டத்தில் இருக்கும் அடியார்களே, தாயிடம் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். அன்று அந்தத் தீவில் நான் கைதட்டி "கொண்டந்து சேரு" என்று கெஞ்சிய நேரம் ஊரில் விடியற்காலை, என் தம்பி வீட்டில் பாய் விரித்து நித்திரையாய்க் கிடந்தான்.