தாலா காலி

நேற்று சாயங்காலம் எங்கள் பாலிகஞ்ச் அடுக்ககத்தின் செக்ரட்டரியோடு சண்டை போட்டுவிட்டேன். இந்த வயதிலும் உனக்கு வாய் அடங்கவில்லையே என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். விஷயம் இவ்வளவுதான். லிஃப்டுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் விட்டிருக்கிறார்கள். தொட்டி மோட்டார் இரண்டு நாளாக ஓடவில்லை. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செக்ரட்டரி மனுஷர், "பாவம், பசி" என்று சொல்லிக்கொண்டு பொரியை அள்ளி அள்ளிப் போடுகிறார். பொட்டலத்தைப் பிடுங்கிவிட்டேன். ஊறிப்போன பொரியின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சாந்த்ராகாச்சி ஞாபகம் வந்துவிட்டது. பாவம் அவர், பழைய கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வங்காளத்துக்கு வந்த புதிது. இவருக்குத் துறைமுகத்தில் வேலை. வாடகை குறைவென்று சாந்த்ராகாச்சிப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். கொல்லைக்கதவைத் திறந்தால் குளம். அதைக் குத்தகைக்கு எடுத்து மாகுர் வளர்த்தாள் பக்கத்து வீட்டுக்காரி. மாகுர் என்றால் மீசை வைத்த கெளுத்தி இனம். உடம்பு தேறுகிறவர்களுக்கு இங்கே அதைத்தான் குழம்பு வைத்துக் கொடுப்பார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் நான் அவளை பௌதி, அதாவது அண்ணி என்பேன். அவள் என்னை தீதி என்பாள். ஆளுக்கு ஆள் அக்காவாகவும் அண்ணியாகவும் இருந்து காலத்தை ஓட்டினோம்.

தவிடும் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் பிசைந்து, அலுமினியத் தட்டில் அப்பி, பொழுது சாயும்போது கயிறு கட்டி அடியில் இறக்குவாள். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்குவாள். தட்டு சுத்தமாக வந்தால், "தாலா காலி!" என்று கத்துவாள். தாலா என்றால் தட்டு. முதல்நாள் நான் பதறி ஓடினேன். நம் ஊரில் காலி என்றால் ஒழிந்தது என்றல்லவா அர்த்தம்! அவளுக்கு அதுதான் நல்ல சேதி. தட்டு காலியென்றால் மீன் சாப்பிட்டது, மீன் சாப்பிட்டால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. புழுக்கமான நாளில் மிச்சம் வரும். மறுநாள் பாதிதான் போடுவாள். தின்னாத தீனி அழுகித் தண்ணீரை இன்னும் கெடுத்துவிடுமாம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்கிற அம்மா மாதிரிதான்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஒருநாள் பார்க்கிறேன், குளம் முழுக்க மீசை. அத்தனை மாகுரும் மேலே கிடந்து வாயைப் பிளக்கின்றன. எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தில் மீன் வாயைத் திறந்தால் பொரி போடுவோம், புண்ணியம். ஒரு பை பொரியை அப்படியே கொட்டினேன். பௌதி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"தீதி, கீ கொர்ச்சோ! என்ன பண்ணுற! அதுங்க திங்க வரல, மூச்சு வாங்க வந்திருக்கு!"

மாகுர் எப்போதாவது மேலே வந்து ஒரு மிடறு காற்றுக் குடித்துவிட்டுப் போகும், அது அதன் வழக்கம். தண்ணீர் கெட்டுப்போனால் மேலேயே கிடக்கும். சாகாது, ஆனால் சாப்பிடாது. அன்று முழுக்க இரண்டு பேரும் முறத்தால் பொரியை அரித்து எடுத்தோம். புண்ணியம் தேடினவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

தண்ணீரைக் கெடுத்தது சந்து முனையில் புதிதாக வந்த சாயப்பட்டறை. அதன் வாய்க்கால் நேரே குளத்தில் இறங்கியது. ஏழு நாள் தட்டு இறக்கின மாதிரியே திரும்பி வந்தது. மீன் இளைத்துப்போனால் குத்தகை போகும், பௌதிக்கு வேறு பிழைப்பு கிடையாது. புகார் எழுதிப் போட்டாள். பட்டறைக்காரரோ தண்ணீர் நன்றாக இருக்கிறதென்று ஒரு காகிதத்தில் சந்து முழுக்கக் கையெழுத்து வாங்கிவிட்டார். எங்கள் வீடுதான் பாக்கி.

"ஏட்டி, வந்த ஊர்ல நமக்கு எதுக்கு வம்பு? போட்டுக் குடுத்துரு" என்றார் இவர்.

"நீங்க வேணா போடுங்க. நான் செத்தாலும் போடமாட்டேன்."

இவரும் போடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

விசாரிக்க ஒரு ஆபீசர் வந்தார். பட்டறைக்காரர் குளத்தில் பொரியைத் தூவினார். மாகுர்கள் வாயைப் பிளந்தன. "பாருங்க சார், எப்படித் திங்குது! கெட்ட தண்ணியில இப்படி வருமா?" ஆபீசர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"அது திங்கல. ஒரு பொரி குறைஞ்சிருக்கான்னு பாருங்க" என்றேன், என் ஓட்டை வங்காளத்தில்.

பட்டறைக்காரர் சிரித்தார். "நீங்க மதராஸி, மீனே திங்கமாட்டீங்க. மீனப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

எனக்கு வந்ததே கோபம்! "ஆமா, திங்கமாட்டேன். ஆனா பசிக்கிறது எது, மூச்சு முட்டுறது எதுன்னு எனக்குத் தெரியும். பௌதி, தட்ட இறக்கு!"

ஆபீசர் ரயிலுக்கு நேரமாகிறது என்றார். சாந்த்ராகாச்சியில் ரயிலுக்கா பஞ்சம், அடுத்ததில் போகலாம் என்று படிக்கட்டை மறித்து உட்கார்ந்துவிட்டேன். இவர் ஆபீசருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டை மேலே தூக்கினாள் பௌதி. இறக்கினது அப்படியே, ஊதிப்போய், மேலே நீலம் படிந்து. ஆபீசர் குனிந்து முகர்ந்து பார்த்தார். அப்புறம்தான் எழுதினார்.

வாய்க்காலை அடைத்தார்கள். இரண்டு மழை பெய்தது. ஒரு சாயங்காலம் அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தபோது கொல்லையில் சத்தம்: "தீதி! தாலா காலி!" ரசத்தை விட்டுவிட்டு ஓடினேன். தட்டை நக்கித் துடைத்த மாதிரி வைத்திருந்தன படவாக்கள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம்.

பிறகு நாங்கள் பாலிகஞ்சுக்கு வந்துவிட்டோம். குத்தகை முடிந்ததும் பௌதியை அனுப்பிவிட்டு, லாரி லாரியாக மண்ணைக் கொட்டிக் குளத்தை மூடினார்களாம். அவள் போன இடமும் தெரியவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் லாரிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன், சத்தியமாக.

இன்று காலை ரயிலேறிச் சாந்த்ராகாச்சிக்குப் போனேன். குளம் இருந்த இடத்தில் எட்டு மாடி. வாசல் காவலாளி நோட்டை நீட்டினான். பெயர் எழுதினேன். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் தமிழில் 'குளம்' என்று எழுதினேன். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன பேரு? எந்த மாடி?"

"கீழ. நீ நிக்கிறியே, அதுக்கும் கீழ."

"அங்க ஒண்ணும் கிடையாது மாசிமா, காலி."

காலியாம்! அந்தச் சொல்லை அந்த இடத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொல்கிறான். எழுதினதை அடிக்கச் சொன்னான். நான் அடிக்கவில்லை.