ஒரு பக்கம் பன்னிரண்டு பேர்

என் பேரன் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி இருக்கிறது. பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிர்ப்பக்கத்தார் அவனை மோதி விழுத்த வேண்டும். வசந்தத்தில், போட்டிகள் தொடங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் பயிற்சியை யாரும் வந்து பார்க்கலாம் என்று திறந்துவிடுவார்கள். வேலியோரம் சொசேஜ் சுடுவார்கள். தாய்மார் கேக் கொண்டுவருவார்கள். கடைசியில் அணியை இரண்டாகப் பிரித்து, உண்மையாக மோதி ஓர் ஆட்டம் ஆடிக் காட்டுவார்கள். சனம் வருவது அதற்குத்தான்.

இந்த வருடம் எனக்குப் போக மனமில்லை. குளிர் என்று சொன்னேன். உண்மையான காரணம் எங்கள் வீட்டுப் படிக்கட்டு. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் மகளோடு மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பேரன் சிறுவயதிலிருந்தே படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிறவன். அறைக்குள் இருந்தபடியே அந்தக் காலடிகளை எண்ணுவேன். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், எதையும் எண்ணாமல் விட ஏலாது. அண்மையில் அவன் ஒவ்வொரு படியாக ஏறத் தொடங்கியிருந்தான். கைபிடியில் உள்ளங்கை உராயும் சத்தமும் கூடவே வந்தது. மத்தியானத்தில் யன்னல் மறைப்பை முழுதாக இறக்கிவிட்டு இருட்டில் படுத்திருந்தான். கோப்பையில் கரண்டி பட்டால் கண்ணை மூடிக்கொண்டான்.

"காய்ச்சல், அம்மப்பா" என்றான்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

மகளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவள் கையில் வேறொரு செய்தி இருந்தது. பயிற்சியில் எடுத்த படம் ஒன்றில் பேரன் கறுப்புச் சட்டைக்கு மேலே ஒரு மஞ்சள் மேற்சட்டை போட்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஒருவனுக்கும் அது இல்லை. எங்கள் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் போட்டியன்று தனியாக ஒரு நிறம் தரித்து நிற்பவன் தலைவன். மகள் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள்.

"என்ன தம்பி, உனக்கு மட்டும் மஞ்சள்?"

"அது... சில ஆக்களுக்குத்தான் குடுப்பினம் அம்மா."

அவ்வளவுதான் அவன் சொன்னது. மிச்சத்தை அவள் தானே நிரப்பிக்கொண்டாள். படம் குடும்பக் குழுவுக்குப் போயிற்று. லண்டனிலிருந்து சின்ன மகள் பூங்கொத்துப் போட்டாள். கனடாவில் இருக்கும் மச்சாள் ஒருத்தி, "கப்டன் எண்டு சொல்லவேயில்லை" என்று எழுதினாள். இத்தனை கண்ணும் பட்டுவிடும் என்று அன்று பின்னேரமே மகள் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, பேரனை இருத்தி, தலையை மூன்று முறை சுற்றி நாவூறு கழித்தாள். அவன் இரண்டு கையாலும் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. நான் அதைப் பார்த்தேன். எதற்காக அப்படிப் பிடிக்கிறான் என்று விளங்கவில்லை.

ஞாயிறு பிராங்பேர்ட்டிலிருந்து அவனுடைய பெரியப்பா வந்தார், மருமகனின் தமையன். மருமகனுக்கு வேலை, வரவில்லை. பெரியப்பா கைத்தொலைபேசியை மாட்ட ஒரு மூன்றுகால் தாங்கியும் கொண்டுவந்திருந்தார். ஆட்டத்தை லண்டனுக்கும் கனடாவுக்கும் நேரடியாகக் காட்டுவது அவர் எடுத்துக்கொண்ட பொறுப்பு. மகளும் அவரும் நானும் மைதானத்தின் நீளப்பக்க வேலியில் இடம் பிடித்தோம். பேரன் விடியவே போய்விட்டான்.

சித்திரை மாதம், வெயில் அடித்தது, உடனே ஆலங்கட்டி விழுந்தது, பிறகும் வெயில் அடித்தது. மைதானம் முழுதும் வெள்ளைக் கோடுகள். அமெரிக்கர்கள் இன்னும் மீற்றருக்கு வரவில்லை, யார் என்ற பழைய அளவில்தான் அளக்கிறார்கள். பத்து யார் நீளச் சங்கிலி ஒன்றை இரண்டு மாணவர்கள் கோலில் கட்டித் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். சங்கிலி பிடித்து நிலம் அளந்தவனுக்கு அது பிடிக்காமல் போகுமா. கொஞ்ச நேரம் என் பயம் போய்விட்டது. ஆட்களை எண்ணினேன். நாற்பத்தாறு பேர். அதில் மஞ்சள் ஐந்து. ஓர் அணிக்கு ஐந்து தலைவர்களா என்று அப்போதுதான் முதலில் இடறியது.

பயிற்சி தொடங்கியது. இரண்டு வரிசை எதிரெதிரே நின்றது. ஊதல் கேட்டதும் இந்த வரிசையில் ஒருவனும் அந்த வரிசையில் ஒருவனும் குனிந்து ஓடிவந்து முட்டினார்கள். சரக்கு ரயில் பெட்டிகளைக் கொளுவும்போது எங்கள் பகுதியில் கேட்கும் அந்தச் சத்தம். பிறகு அடுத்த இருவர். சனம் ஒவ்வொரு முட்டுக்கும் "ஓ" என்றது. மஞ்சள்காரர் ஐந்து பேரும் அந்த வரிசைகளில் இல்லை. அவர்கள் தூரத்தில் கூம்புகளைச் சுற்றி மெதுவாக ஓடினார்கள். பேரனின் இலக்கம் ஐம்பத்து நாலு. அவன் மற்ற நால்வருக்கும் பின்னால் ஓடினான்.

இடைவேளையில் வேலிக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"என்ன கப்டன்" என்றார் பெரியப்பா, "தேருக்குப் பின்னால போற மாதிரிப் போறாய். ஒருத்தனும் உன்னைத் தொடுறானில்லை. லண்டனில உன்ர சித்தி கேக்கிறா, பெடியன் விளையாடுறானோ, நடைப்பயிற்சியோ எண்டு."

"மெதுவா சொல்லுங்கோ பெரியப்பா."

"நான் மூண்டு மணித்தியாலம் கார் ஓடி வந்தது உன்ர நடை பாக்கவோ?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை" என்றாள் மகள். ஆனால் அவளும் சிரித்தாள். பிறகு, "ஒரு தடவையாவது ஆரையும் விழுத்திக் காட்டன் ராசா. எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம்" என்றாள்.

பேரன் கைத்தொலைபேசியின் சின்னக் கண்ணைப் பார்த்தான். "கடைசி ஆட்டம் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது வேலிக் கம்பியை ஒருமுறை பிடித்துவிட்டுத்தான் திரும்பினான்.

என் மறுபக்கத்தில் ஒரு ஜேர்மன் பெண்மணி நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையிலிருந்த கேக் தட்டைப் பக்கத்து வெறுங்கதிரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கள் பேரனா? இப்போது நன்றாக இருக்கிறானா?" என்று தன் மொழியில் கேட்டார்.

காய்ச்சல் போய்விட்டது என்றேன்.

அவர் முகம் மாறியது. "காய்ச்சலா? என் மகனும் மஞ்சள்தான். அவனுக்குத் தோள். மஞ்சள் போட்டவனை யாரும் மோதக்கூடாது, அதற்குத்தான் அது. காயம் ஆறாதவர்களுக்கு. உங்கள் பேரனுக்குத் தலை அல்லவா. விழுந்த அன்று எந்த நகரத்தில் நிற்கிறோம் என்று கேட்டானாம். மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை அவன் மோதக்கூடாது. உங்களுக்குச் சொல்லவில்லையா?"

நான் மைதானத்தைப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் ஒரு மாணவன் கடைசி ஆட்டத்துக்கு ஆட்களை அழைத்துக்கொண்டிருந்தான். சனம் வேலியை நெருங்கியது. நான் மஞ்சளை எண்ணினேன். நாலு. கண் பிசகியிருக்கலாம் என்று இடமிருந்து வலமாக ஒருமுறையும் வலமிருந்து இடமாக ஒருமுறையும் எண்ணினேன். நாலுதான். தண்ணீர்ப் போத்தல்கள் வைத்த வாங்கின் கீழே ஏதோ மஞ்சளாகச் சுருண்டு கிடந்தது. நாற்பது பேர் ஒரே நிறச் சட்டையும் ஹெல்மெட்டுமாகக் கலந்து நிற்கும்போது ஒரு பயிற்சியாளர் யாரை என்று பார்ப்பார்.

மகளின் கையைப் பிடித்தேன். "அவனை வெளியில எடுக்கவேணும். மஞ்சள் காயக்காரருக்குப் போடுறது. அவனுக்குத் தலையில அடி."

"என்னப்பா சொல்லுறியள்? ஆர் சொன்னது?"

"இந்த அம்மா சொல்லுறா. அவன் எங்களுக்கு மறைச்சுப்போட்டான்."

அவள் கைத்தொலைபேசித் திரையைப் பார்த்தாள். திரையில் ஒன்பது சின்னச் சதுரங்கள். ஒன்பதிலும் எங்கள் சனம். "மெதுவா கதையுங்கோ, கேக்கப்போகுது" என்றாள். பிறகு, "அப்பிடியெண்டா விடுவினமே? ஜேர்மன்காரர் இதில சரியான கண்டிப்பு" என்றாள். அவள் நகரவில்லை.

நான் வேலியோரமாக நடந்தேன். வாசல் மைதானத்தின் மறுமூலையில் இருந்தது. முதலுதவிப் பையோடு ஓர் இளம்பெண் அங்கே நிற்பதை முன்பே பார்த்திருந்தேன். தள்ளுவண்டி, பியர்க் கோப்பைகள், முகத்தில் நிறம் பூசிய பிள்ளைகள், எல்லாம் வழியில். ஊதல் கேட்டது. ரயில் பெட்டிச் சத்தம். நான் திரும்பிப் பார்க்கும்போது ஒரு குவியல். ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாக எழுந்தவன் ஐம்பத்து நாலு. பந்தோடு ஓடியவனை அவன்தான் விழுத்தியிருந்தான். பெரியப்பாவின் கூவல் அவ்வளவு தூரத்திலும் கேட்டது.

அடுத்த மோதலுக்கு முன் இரு பக்கத்தாரும் தனித்தனி வட்டமாகக் கூடி, குனிந்து, என்ன செய்வதென்று பேசுவது வழக்கம். ஐம்பத்து நாலு நிதானமாக நடந்துபோய் ஒரு வட்டத்தில் சேர்ந்து, பக்கத்தில் நின்றவனின் தோளில் கைபோட்டுக் குனிந்தான். நான் எண்ணினேன். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர் இருக்கவேண்டும், அந்த வட்டத்தில் பன்னிரண்டு. மற்றதில் பத்து.

எதிர்ப்பக்க வட்டத்துக்குள் போய் நின்றிருந்தான்.

முதலில் பையன்கள் சிரித்தார்கள். ஒலிபெருக்கிக்காரன், "ஐம்பத்து நாலு கட்சி மாறிவிட்டார்" என்றான். வேலி முழுதும் சிரிப்பு. ஒருவன் அவனைத் தோளில் தட்டி மறுபக்கம் திருப்பிவிட்டான். அவன் திரும்பி இரண்டு எட்டு வைத்து நின்றான். எந்தப் பக்கம் என்று யாராவது காட்டுவார்கள் என்று காத்திருப்பவனைப் போல நின்றான்.

முதலுதவிப் பெண் சிரிக்கவில்லை. நான் போய்ச் சேருமுன்னரே அவள் கையை உயர்த்திக்கொண்டு உள்ளே ஓடத் தொடங்கியிருந்தாள். முப்பத்தைந்து வருடம் நான் பேசிய ஜேர்மன் மொழியில் ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை, தேவையும் இருக்கவில்லை.

வாங்கில் இருத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இல்லை. அவள் அவனிடம் ஜேர்மனில் கேட்டாள். இந்த நாட்டில் பிறந்தவன், கனவையும் அந்த மொழியில் காண்கிறவன். அவன் தமிழில் பதில் சொன்னான்.

"என்ன சொல்கிறான்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"விளக்கை நிறுத்தச் சொல்கிறான்" என்றேன். அப்போது மேகம் மூடியிருந்தது.

அம்புலன்சில் மகள் போனாள். பெரியப்பா தன் காரில் என்னைப் பின்னால் கொண்டுபோனார். தாங்கியை மடிக்க மறந்து அப்படியே பின்னிருக்கையில் எறிந்திருந்தார். வழியில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "நான் சும்மா பகிடிக்கு..." என்றார். நான் வீதி விளக்குக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மருத்துவமனையில் எங்களை ஒரு திரைச்சீலைக்கு வெளியே இருத்தினார்கள். படம் பிடித்தாகிவிட்டது, மூளையில் சின்ன இரத்தக் கசிவு ஒன்று இருக்கிறது, கூடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். மகளின் கைத்தொலைபேசி துடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. அதைத் தூக்கிப் பைக்குள் போட்டு, பையை மூடி, பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

திரைக்கு உள்ளே மருத்துவர் பேரனோடு பேசினார். பெயரைக் கேட்டார், சொன்னான். மாதத்தைக் கேட்டார், கொஞ்சம் பிந்திச் சொன்னான். மகள் மூச்சு விட்டாள். பிறகு மருத்துவர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு போகச் சொன்னார். பொறியியல் படிக்கிறவனுக்கு அது ஒரு கணக்கா என்று நினைத்தேன்.

"தொண்ணூற்று மூன்று" என்றான்.

"நல்லது."

"எண்பத்தாறு."

"நல்லது. இன்னும்."

உள்ளே சத்தமில்லை. ஏதோ ஒரு கருவி மட்டும் சீராக ஒலித்தது. எழுபத்தொன்பது என் நாக்கு நுனியில் நின்றது. மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. கட்டில் கிறீச்சிட்டது, அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"தொண்ணூற்று மூன்று" என்றான், முதல் தடவை சொல்கிறவனைப் போல.