ஊருன்னா யாருங்கய்யா?

கணக்கு வாத்தியார் தப்பாகச் சொன்னால்கூட ஊர் நம்பிவிடும். சரித்திர வாத்தியார் வாயைத் திறந்தாலே, ‘இந்த ஆளு எதுக்கு இதையெல்லாம் கிளறுறாரு?’ என்றுதான் பார்க்கும். சாக்பீஸ் தூள் தின்றே இருமலை வாங்கிக்கொண்ட என் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா!

ராஜாவின் சமஸ்தானம் போய்ப் புது சர்க்கார் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பொன்னமராவதிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு என்னைப் போட்டார்கள். சரித்திரத்தையும் பூகோளத்தையும் சேர்த்துக் கட்டி ‘சமூக பாடம்’ என்று புதுப் பெயர் வைத்திருந்த சமயம். ‘புத்தகத்தை மூடு, பிள்ளைகளைச் செய்ய விடு’ என்று டிரெயினிங்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் நம்பித் தொலைத்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால் உண்டு. இல்லையென்றால் திருமயத்தில் அண்ணன் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான். அண்ணி எனக்காக ஒரு முக்காலியை ஏற்கெனவே கடையில் எடுத்துப் போட்டுவிட்டதாகக் கேள்வி.

மணலில் ஒரு ஊர்

புத்தகத்தில் இருக்கிற தேசப்படத்தைக் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். சரி, சொந்த ஊரையே வரையட்டும் என்று ஆளுக்கொரு கயிற்றைக் கொடுத்துத் தெருவை, கிணற்றை, கண்மாய்க் கரையை அளந்துவர அனுப்பினேன். பள்ளிக்கூட மணலில் செங்கல் தூளால் தெருவும் வேப்பிலையால் வயலுமாக ஊர் தயாரானது. பிள்ளைகள் சாப்பாட்டு மணிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் தெருவில் நடந்தால் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிறார்கள்! சர்வே நடக்கிறதாம். புது சர்க்கார் நிலத்தை எடுக்கப் போகிறதாம். அளக்க வந்த ஆளே நான்தானாம், வாத்தியார் வேஷம் போட்டிருக்கிறேனாம். ஊர்ப் பெரிய மனிதர் அம்பலகாரர் நேரிலேயே வந்துவிட்டார். படத்தைச் சுற்றி இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தார். நான் பாடத்தை விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அதெல்லாம் சரிங்க வாத்தியாரே. எங்க வயலை மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடச் சொல்லுங்க.”

ராஜ தர்பார்

ஒரு பையனை ராஜாவாக என் நாற்காலியில் உட்கார வைத்தேன். மற்றவர்கள் குடிகள். கண்மாய் உடைந்துவிட்டது, வரி கட்ட முடியாது என்று முறையிட வேண்டும். குடிகள் முறையிட்ட முறையீட்டில் ஓட்டுக்கூரையில் இருந்த காக்காயெல்லாம் பறந்துவிட்டது. ராஜா பயந்துபோய், இருந்த வரியையெல்லாம் தள்ளுபடி செய்துவிட்டார்.

திரும்பினால் ஜன்னலில் ஹெட்மாஸ்டர் முகம். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! சாயங்காலம் கூப்பிட்டு விட்டார். “சரித்திரம் நடத்துங்க சார், வேண்டாங்கலை. அது நடக்கிற சத்தம் என் ரூமுக்குக் கேட்கக் கூடாது.”

பழைய செம்பு

சத்தமில்லாத பாடமாக யோசித்தேன். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழைய சாமான் கொண்டுவர வேண்டும். ‘இது பழசுன்னு யார் சொன்னா? அவங்க பார்த்தாங்களா, கேள்விப்பட்டாங்களா?’ என்று மற்றவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். சரித்திரமே இந்த இரண்டு கேள்விதான் என்று அழுத்திச் சொன்னேன். சமஸ்தானத்து அம்மன் காசு வந்தது, நெல் அளக்கிற படி வந்தது, துருப்பிடித்த பூட்டு வந்தது. வள்ளியம்மை என்ற பெண் ஒரு செப்புச் செம்பு கொண்டுவந்தாள். வீட்டில் கேட்காமல் தூக்கி வந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அவள் தாயார் தலைவிரி கோலமாக ஓடிவந்தார். செம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த நெளிவைத் தடவி, அது தன் செம்புதான் என்று உறுதி செய்துகொண்டார். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்: “நாளைக்கு எங்க மாமியாரையும் பழசுன்னு தூக்கிட்டு வரச் சொல்லுவீங்களோ?”

இன்ஸ்பெக்டர் வந்தார்

ஒரே வாரத்தில் கதை கிளம்பிவிட்டது: வாத்தியார் பிள்ளைகளை விட்டுச் செம்பு பித்தளை சேர்த்துப் பொன்னமராவதியில் விற்கிறாராம். யார் கிளப்பியது? ஹெட்மாஸ்டரா, அம்பலகாரரா, அந்த அம்மாளா? எதிரே வருகிற ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டேன். டீக்கடைக்காரர் சர்க்கரை குறைத்துப் போட்டால்கூட, ஓஹோ, இவருமா என்று தோன்றியது.

இன்ஸ்பெக்டர் வந்தபோது அம்பலகாரரும் கூடவே வந்தார். இன்ஸ்பெக்டர் பாடம் கேட்கவில்லை. நேராக வகுப்பைப் பார்த்து, “உங்க வாத்தியார் சாமானெல்லாம் வாங்கிக்கிறாராமே?” என்றார். அண்ணன் கடை முக்காலி என் கண் முன்னால் வந்து நின்றது.

வள்ளியம்மை எழுந்தாள். “யாருங்கய்யா சொன்னா?”

“ஊரே சொல்லுது” என்றார் அம்பலகாரர்.

“ஊருன்னா யாருங்கய்யா? நீங்க பாத்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?”

அம்பலகாரர் துண்டைச் சரி செய்தார். “கேள்விப்பட்டதுதான் ஆத்தா.”

“நான் பாத்தேன். எங்க செம்பு அன்னைக்கே வீட்டுக்கு வந்திருச்சு. எங்க ஆத்தா நெளிவைக்கூடத் தடவிப் பாத்துத்தான் வாங்கிக்கிட்டாங்க.” என் படி திரும்பி வந்தது, என் பூட்டு திரும்பி வந்தது என்று வகுப்பே எழுந்துவிட்டது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “இப்படிப் பேசணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்துத் தயார் பண்ணி வச்சிருக்கீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் வள்ளியம்மை கேட்டாள்: “அப்படின்னு ஒங்களுக்கு யாருங்கய்யா சொன்னா?”

நிரந்தர உத்தரவு அடுத்த மாதமே வந்தது. ஆனாலும் அண்ணி அந்த முக்காலியைக் கடைசிவரை கடையிலிருந்து எடுக்கவே இல்லை என்று கேள்வி, நான் பார்க்கவில்லை.